புதியவர்களை அழைக்கச் சபை விளம்பரம் செய்வது: எதுவரைக்கும் சரி?

பின்வரிசை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் புதியவர்களை அழைப்பதற்கென்று ஒரு குழு போட்டிருக்கிறார்கள். எப்படியோ என் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது. முதல் கூட்டத்திலேயே இளைஞர்கள் யோசனைகளைக் கொட்டினார்கள். சபையின் பெயரே இல்லாமல் ஒரு கேள்வியும் கியூஆர் கோடும் மட்டும் போட்ட பேனர், அரை நிமிட வீடியோக்கள், பிரசங்கத் தொடருக்குச் சினிமா போஸ்டர் பாணியில் படம், முதல் முறை வருகிறவர்களுக்குக் குலுக்கலில் பரிசு. இந்தக் கடைசி யோசனையைக் கேட்டதும் மூப்பர் ஒருவர் எழுந்து, "ஆராதனை நடத்துகிறோமா, கடை விரிக்கிறோமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. ஆராதனையில் பாதி நாற்காலி காலி என்பதும் உண்மை, மூப்பரின் சங்கடமும் உண்மை. அடுத்த கூட்டத்தில் நான் ஏதாவது பேசியாக வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எது பலித்தது, எது சொதப்பியது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

மணியோசை

"செய்யலாமா" என்ற கேள்விக்கே முந்நூறு வயது ஆகப்போகிறது. 1739, 1740 வாக்கில் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பிரசங்கியார் ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் முன்பே அவரைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்துவிடும். கூடவே பயணம் செய்த வில்லியம் சீவர்டு என்பவர், எங்கே எவ்வளவு கூட்டம் கூடியது என்று எழுதி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். இன்றைக்கு அதற்கு மக்கள் தொடர்பு அதிகாரி என்று பெயர். அமெரிக்காவில் விட்ஃபீல்டின் நாட்குறிப்புகளையும் பிரசங்கங்களையும் அச்சிட்டு விற்றவர் யார் தெரியுமா? பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அவருக்கு அந்தப் போதனையில் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனாலும் பிலடெல்பியாவில் விட்ஃபீல்டு தெருவில் நின்று பேசும்போது, ஃபிராங்க்ளின் பின்னோக்கி நடந்து போய்க் குரல் எதுவரை கேட்கிறது என்று பார்த்து, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கும் என்று கணக்குப் போட்டார்.

லண்டனின் கிழக்குப் பகுதியில் 1865-ல் வில்லியம் பூத் தொடங்கிய பணி, 1878-ல் இரட்சணிய சேனை என்று பெயர் மாற்றிக்கொண்டு சீருடை, கொடி, பித்தளை வாத்தியக் குழு என்று தெருவில் இறங்கியது. லாஸ் ஏஞ்சலிஸில் எய்மி செம்பிள் மெக்ஃபர்சன் என்ற பெண் பிரசங்கியார் 1923-ல் ஏஞ்சலஸ் ஆலயத்தைத் திறந்தார். 5,300 இருக்கைகள். பிரசங்கத்தை நாடகம் மாதிரி மேடை அலங்காரத்தோடு நடத்துவார். ஒருமுறை போக்குவரத்துக் காவலர் உடையில், மோட்டார் சைக்கிளோடு மேடையில் நின்று, "நில்லுங்கள், அழிவை நோக்கி வேகமாகப் போகிறீர்கள்" என்ற பொருளில் பேசினார்.

ஆகவே மூப்பர் ஐயாவிடம் பணிவாகவே சொல்லுங்கள். கோபுரத்தில் மணி கட்டியவர்தான் முதல் விளம்பரக்காரர்!

ஊசிக்காது

மணியோசைத் தம்பி வரலாறு சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார்.

விட்ஃபீல்டு வெட்டவெளிக்கு ஏன் போனார்? பல ஆலயங்களில் பிரசங்க பீடத்தைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1739 பிப்ரவரியில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இருந்த இடத்துக்கே போய் நின்று பேசினார். கோயில் பக்கம் வா என்று அவர்களை யாரும் கூப்பிட்டதே இல்லை. இரட்சணிய சேனையின் வாத்தியக் கதையும் அப்படித்தான். சால்ஸ்பரியில் தெருப் பிரசங்கிகளை ரவுடிகள் தாக்கியபோது, கட்டட வேலை செய்துவந்த சார்லஸ் ஃபிரை என்பவரும் அவருடைய மகன்களும் காவலுக்குப் போனார்கள். போகும்போது வாத்தியங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். கூட்டம் சேர்ந்தது அப்புறம்.

இப்போது நடப்பது தலைகீழ். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நாம் போவதில்லை. இங்கே வரவழைக்க எதைக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்து யோசிக்கிறோம். அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் ஒரு சபை 2010 ஈஸ்டருக்குக் கார்களையே பரிசாகக் கொடுத்தது. வந்தவர்கள் எதற்காக வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாமல் போயிருக்கும்.

யோவான் 6-ம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். அப்பம் சாப்பிட்டு வயிறு நிறைந்ததால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். அதே அதிகாரத்தின் முடிவில் பலர் விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பின்னால் ஓடிப்போய் அவர் இன்னொரு கூடையை நீட்டவில்லை.

பின்வரிசை

ஊசிக்காது ஐயா, குலுக்கல் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஆனால் பேனர், வீடியோ? அதுவும் கடை விரிப்பதா?

ஊசிக்காது

நேரமும் இடமும் சொல்கிற பேனரில் எனக்குச் சண்டை இல்லை. சபையின் பெயரை மறைக்கிற பேனரில்தான் சண்டை. ஒளித்து வைத்து அழைப்பது எதற்கு? பெயரைச் சொன்னால் வரமாட்டார்கள் என்று நாமே நினைக்கிறோமா? அப்படியென்றால் முதலில் யோசிக்க வேண்டியது அந்தப் பெயர் ஏன் கெட்டது என்பதை.

கடுகுவிதை

நான் தொழிலால் கணக்கர், அதனால் எண்ணிக்கை பக்கமிருந்து வருகிறேன்.

ரிக் வாரன் 1980-ல் கலிஃபோர்னியாவில் சாடில்பேக் சபையைத் தொடங்கியபோது, பழைய பாணி ஆராதனை அலுத்துப்போனவர்களுக்கென்று ஒரு கடிதம் எழுதி 15,000 வீடுகளுக்கு அனுப்பினார். ஈஸ்டர் ஆராதனைக்கு 205 பேர் வந்தார்கள். பெரிய வெற்றி என்று இன்றுவரை பேசப்படுகிற கடிதம் அது. ஆயிரம் வீட்டுக்குப் பதினான்கு பேர் கூட வரவில்லை. அந்த 205 பேரை வைத்துக்கொண்டு அடுத்த வாரம், அடுத்த மாதம் என்ன செய்தார்கள் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது. கடிதத்தை மட்டும் நகலெடுத்த எத்தனையோ சபைகளுக்கு அந்தக் கதை நடக்கவில்லை.

இன்னொன்று, சிகாகோவுக்கு அருகில் வில்லோ க்ரீக் என்ற சபை. 1975-ல் ஒரு சினிமா தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொடங்கினார்கள். பில் ஹைபெல்சும் நண்பர்களும் வீடு வீடாகப் போய், "நீங்கள் ஏன் ஆலயத்துக்குப் போவதில்லை?" என்று கேட்டார்கள். எப்போதும் பணம் கேட்கிறார்கள், பிரசங்கம் சலிப்பூட்டுகிறது, வாழ்க்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, குற்ற உணர்வோடு வீடு திரும்புகிறோம் என்றெல்லாம் பதில் வந்தது. அதற்கேற்ப ஆராதனையையே மாற்றி வடிவமைத்தார்கள். கூட்டம் வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. உலகமெங்கும் போதகர்கள் அதைப் பார்த்துப் படித்தார்கள்.

2007-ல் அந்தச் சபையே தன்னைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது, "ரிவீல்" என்ற பெயரில். நிகழ்ச்சிகளில் அதிகமாகக் கலந்துகொள்வதால் மட்டும் ஒருவர் கடவுளிடமும் பிறரிடமும் அன்பில் வளர்வதில்லை என்று அதில் தெரிந்தது. இதில் எனக்குப் பிடித்தது, அவர்கள் அதை மூடி மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டதுதான். எத்தனை சபை செய்யும்?

வழிப்போக்கன்

நான் கிறிஸ்தவன் இல்லை. இந்த இழையில் நான் பேசலாமா என்று தெரியவில்லை, ஆனால் நீங்கள் "புதியவர்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பது என்னைப் போன்ற ஆட்களைத்தான்.

ஒரு பேனரைப் பார்த்துத்தான் போனேன். "உங்கள் கேள்விகளுக்கு இங்கே இடமுண்டு" என்று போட்டிருந்தது. எனக்குக் கேள்விகள் இருந்தன. வீட்டில் ஒரு மரணம் நடந்திருந்த நேரம். போய் உட்கார்ந்தேன். பாட்டு நன்றாகவே இருந்தது. நடுவில், "இன்று முதல் முறையாக வந்திருப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்கள். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைப் பிடித்து மெல்லத் தூக்கினார். மைக் கைக்கு வந்தது. பெயரும் ஊரும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். எதற்குக் கைதட்டினார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

முடிந்ததும் ஒரு படிவம் கொடுத்தார்கள். தொலைபேசி எண், முகவரி, குடும்பத்தில் எத்தனை பேர், ஜெபக் குறிப்பு. நிரப்பிக் கொடுத்துவிட்டு, பேனரில் இருந்ததை நம்பி என் கேள்வியைக் கேட்டேன். "முதலில் விசுவாசியுங்கள், அப்புறம் எல்லாம் விளங்கும்" என்றார் அவர், கடிகாரத்தைப் பார்த்தபடியே. அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு ஆள் போன் செய்தார்கள். ஒருவர் கூட அந்தக் கேள்வியைப் பற்றிப் பேசவில்லை. ஞாயிறு வருவீர்களா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

பேனர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அழகான பேனர். அதை எழுதியவர் வாசலில் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்த்தாள்

வழிப்போக்கன் தம்பி, தாராளமாகப் பேசுங்கள். உங்கள் வீட்டு இழப்புக்கு என் வருத்தம்.

எங்கள் சபையில் வரவேற்புப் பணி என் பொறுப்பு. எழுந்து நிற்கச் சொல்லும் வழக்கத்தை நிறுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அன்பு காட்டுகிறோம், அதில் என்ன தப்பு?" என்று கேட்டார்கள். கூச்ச சுபாவம் உள்ள ஒருவருக்கு அது அன்பில்லை, தண்டனை என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் ஆயர்தான் எனக்குத் துணை நின்றார். இப்போது மேடையிலிருந்து பொதுவாக ஒரு வரவேற்பு, அவ்வளவுதான். படிவத்தில் பெயர் மட்டும். தொலைபேசி எண் எழுதுவது அவரவர் விருப்பம், எழுதினால் எதற்குக் கூப்பிடுவோம் என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறோம்.

பின்வரிசைத் தம்பிக்கு: விளம்பரம் பற்றி யோசிக்கும் முன்பு, சபைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரை அழைத்து ஒரு ஞாயிறு வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கதவு வழியாக வருவது, கழிப்பறை எங்கே, பிள்ளைகளை எங்கே விடுவது, பாட்டு புத்தகத்தில் எந்தப் பக்கம், திருவிருந்து நேரத்தில் (அப்பமும் ரசமும் பகிரும்போது) தான் எழுந்து போக வேண்டுமா உட்கார்ந்திருக்கலாமா. நமக்கு இதெல்லாம் மூச்சு விடுவது போல. அவருக்கு ஒவ்வொன்றும் ஒரு தேர்வு. திருவிருந்து விஷயத்தில் மட்டும் தெளிவாக இரண்டு வாக்கியம் மேடையில் சொன்னால் பாதிப் பதற்றம் போய்விடும்.

கோடும்புள்ளியும்

நான் விளம்பர வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறேன், சபைகளுக்கும் செய்து கொடுத்திருக்கிறேன். மார்த்தாள் அக்கா சொன்னதற்கு ஒரு சின்னச் சேர்க்கை. பெரும்பாலான சபை இணையதளங்களில் முதல் பக்கம் முழுக்கப் போதகர் குடும்பத்தின் படம். ஆராதனை நேரம் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில். சில இடங்களில் அதுவும் பழைய நேரம். வித்தியாசமான யோசனைக்கு மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன்பு நேரம், இடம், வண்டி நிறுத்தும் வழி, எவ்வளவு நேரம் நடக்கும், என்ன உடை, பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு, இவற்றை மேலே கொண்டு வாருங்கள். செலவே இல்லாத விளம்பரம் இது.

துணிச்சலான விளம்பரங்களைப் பற்றிக் கேட்டால், இரண்டு எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். 1999 ஈஸ்டருக்கு பிரிட்டனில் சபைகளின் விளம்பரக் கூட்டமைப்பு ஒன்று, இயேசுவைச் சே குவேரா படத்தின் பாணியில் சிவப்பும் கறுப்புமாக, முள்முடியோடு வரைந்தது. "சாந்தமாம், சாதுவாம், நம்பிட்டோம்!" என்கிற தொனியில் வாசகம். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் படத்தைப் பார்த்தவுடனே இது யாரைப் பற்றி என்று தெரிந்தது. எதையும் ஒளிக்கவில்லை. ஊசிக்காது ஐயாவின் பரீட்சையில் அது தேறிவிடும்.

அடுத்தது, 2004-ல் அமெரிக்காவின் ஐக்கிய கிறிஸ்து சபை எடுத்த தொலைக்காட்சி விளம்பரம். ஆலய வாசலில் கேளிக்கை விடுதிக் காவலாளிகள் மாதிரி இரண்டு பேர் நின்று, யார் உள்ளே போகலாம் யார் போகக்கூடாது என்று ஆள் பிரிப்பார்கள். இயேசு யாரையும் துரத்தவில்லை, நாங்களும் துரத்துவதில்லை என்று முடியும். சிபிஎஸ், என்பிசி இரண்டும் ஒளிபரப்ப மறுத்துவிட்டன. மறுத்ததே பெரிய செய்தியாகி, காசில்லாமல் கூடுதல் விளம்பரம் கிடைத்தது. ஒரு வடிவமைப்பாளனாக எனக்குப் பொறாமை வரவழைத்த வேலை அது. ஆனால் இப்படி ஒன்றைப் போட்டால், திங்கட்கிழமை முதல் வேலை உங்கள் சபையில் யாரெல்லாம் இதற்கு முன் அந்த வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்பதுதான். அந்தக் கேள்விக்குத் தயாரில்லாத சபை அதைத் தொடவே கூடாது.

மணியோசை

"ஹி கெட்ஸ் அஸ்" என்ற இயேசுவைப் பற்றிய அமெரிக்க விளம்பரத் தொடரைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2022-ல் தொடங்கியது, 2023-ல் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில் இரண்டு விளம்பரம், 2024-ல் பாதம் கழுவுகிற காட்சி. கோடிக்கணக்கான பேர் பார்த்தார்கள். அந்தப் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். இயேசுவுக்குப் பரிமள தைலத்தை ஊற்றியபோது அதே கேள்வியைக் கேட்டவன் யூதாஸ் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஊசிக்காது

தைலம் ஊற்றப்பட்டது அவர் பாதத்தில், தம்பி. கால்பந்தாட்ட இடைவேளையில் இல்லை.

மணியோசை

அடித்துவிட்டீர்கள் ஐயா :) ஆனால் விடமாட்டேன். 2019-ல் இங்கிலாந்தின் நார்விச் பேராலயத்துக்குள் கண்காட்சியில் வருமே, சுற்றிச் சுற்றிச் சறுக்கி இறங்குகிற கோபுரம், அதைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நடுக்கூடத்தின் கூரையில் இடைக்காலத்துச் சிற்ப முடிச்சுகள் இருக்கின்றன. வேதாகமக் கதை முழுக்க அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது, தரையிலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. மேலே ஏறினால் கிட்டத்தில் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. புனிதத்தைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு பக்கம் திட்டு. கடைசியில் ஓர் ஆயர் அதன் மேலிருந்தே பிரசங்கம் பண்ணினார். அதே ஆண்டு ராச்செஸ்டர் பேராலயத்தில் பாலங்களைக் கருப்பொருளாக வைத்துக் குட்டி கோல்ஃப் போட்டார்கள். நார்விச்சை நான் ஏற்றுக்கொள்வேன், ஏனென்றால் ஏறினவர் கண்ணில் படுவது அந்த ஆலயத்திலேயே உள்ள பொருள். கோல்ஃப் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் தயக்கம்தான்.

கடுகுவிதை

கேளிக்கை பற்றிப் பேசுவதால் ராபர்ட் ஷுல்லரையும் சொல்லிவிடுகிறேன். 1955-ல் கலிஃபோர்னியாவில் திறந்தவெளி கார் தியேட்டரில், சிற்றுண்டிக் கூடத்தின் கூரை மேல் நின்று பிரசங்கம் செய்தார். காரில் இருந்தபடியே ஆராதனை. செலவு குறைவு, நல்ல யோசனை. அங்கிருந்து 1980-ல் கண்ணாடியாலேயே கட்டிய கிறிஸ்டல் கத்தீட்ரல் வரை வளர்ந்தது. 2010-ல் திவால் மனு. கத்தோலிக்க மறைமாவட்டம் 5 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கி, 2019-ல் கிறிஸ்து பேராலயமாகத் திறந்தது. ஆளை இழுக்க ஒரு தடவை பெரிதாகச் செய்தால் அடுத்த தடவை அதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கும், செலவுக் கணக்கு எழுதுகிறவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

அப்புறம் ஒரு கேள்வி. விளம்பரம் பார்த்து வந்தவர்களில் எத்தனை பேர் வேறு சபையிலிருந்து வந்தவர்கள் என்று எந்தக் குழுவாவது எண்ணிப் பார்க்கிறதா? ஆடு திருடுவதை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதுவதை நிறைய பார்த்தாயிற்று. நல்ல இசைக்குழுவும் நல்ல ஒலி அமைப்பும் யாரை இழுக்கும்? ஏற்கெனவே இன்னொரு சபையில் சுமாரான ஒலி அமைப்பில் பாடிக்கொண்டிருப்பவரைத்தான்.

கோடும்புள்ளியும்

யாரும் தொடாத ஒன்று சொல்ல வேண்டும், இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன்.

இணைய விளம்பரம் என்று வந்தால், யாருக்குக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி வரும். ஒரு சபையில், "விவாகரத்து, கடன், மன அழுத்தம் பற்றித் தேடுகிறவர்களுக்கு நம் விளம்பரம் போகிற மாதிரி செய்யுங்கள்" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். உடைந்துபோன மனிதனுக்கு ஆறுதல் சொல்வது வேறு, அவன் உடைந்திருக்கும் நேரம் பார்த்து வலை போடுவது வேறு. விளம்பர நிறுவனங்களே இதில் கோடு போட்டிருக்கின்றன. ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா 2022 ஜனவரியில் மதம், உடல்நலம் போன்ற விஷயங்களை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வசதிகளை நீக்கியது. தனிப்பட்ட கஷ்டங்களையும் மத நம்பிக்கையையும் வைத்து ஆளைக் குறிவைக்கக் கூடாது என்று கூகுளும் விதி வைத்திருக்கிறது. லாபத்துக்கு நடக்கிற கம்பெனிகள் கூச்சப்படுகிற இடத்தில் சபை கூச்சப்படாவிட்டால் என்ன சொல்வது.

வழிப்போக்கன்

இதைப் படித்ததும் கொஞ்சம் நடுங்கிவிட்டது. வீட்டில் மரணம் நடந்த அந்த நாட்களில் நான் போனில் தேடியதெல்லாம் அந்த மாதிரி விஷயங்கள்தான். நல்லவேளை, நான் பார்த்தது தெருவில் தொங்கிய பேனர்.

ஒன்று கேட்கட்டுமா மார்த்தாள் அக்கா? உங்கள் சபையில், கேள்வி கேட்க வருகிறவர் யாரிடம் கேட்பார்?

மார்த்தாள்

ஆராதனை முடிந்ததும் முன்வரிசைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், வேறு எந்த வேலையும் கொடுக்காமல். ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர், ஒருவர் கல்லூரிப் பேராசிரியர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆட்கள் என்பதால்தான் அவர்களைப் போட்டோம். வாரநாளில் பேச வேண்டுமென்றால் லண்டனில் ஹோலி டிரினிட்டி பிராம்ப்டன் ஆலயத்தில் 1977-ல் தொடங்கிய ஆல்ஃபா வகுப்பு மாதிரி சிறு குழு ஒன்று நடக்கிறது. ஒரு பேச்சு, பிறகு கலந்துரையாடல், எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நடத்துகிறவர் வாயை அடக்கத் தெரிந்தவராக இருந்தால் நன்றாகப் போகும். எல்லாவற்றுக்கும் உடனே வசனம் எடுத்து நீட்டுகிறவரானால் இரண்டாம் வாரமே நாற்காலி காலி.

பின்வரிசை

எல்லோருக்கும் நன்றி. கூட்டத்தில் நான் இப்படிப் பேசலாம் என்று இருக்கிறேன். குலுக்கல் வேண்டாம். பேனரில் கேள்வி இருக்கட்டும், சபையின் பெயரும் இருக்கட்டும். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்ல ஞாயிறுதோறும் யார் உட்காருவார் என்று முடிவான பிறகுதான் பேனர் அச்சுக்குப் போக வேண்டும். எழுந்து நிற்கச் சொல்வது நிற்கட்டும். வருகிறவர்களிடம், "இதற்கு முன் எந்தச் சபைக்காவது போய்க்கொண்டிருந்தீர்களா?" என்று பேச்சுவாக்கில் கேட்டுக் குறித்துக்கொள்வோம், கடுகுவிதை அண்ணன் சொன்ன கணக்குக்காக.

வீடியோ மட்டும் இன்னும் இழுபறி. இளைஞர்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பாடுவதை எடுத்துப் போடலாம் என்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஊசிக்காது

மூப்பரையும் வீடியோவில் பேசச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். எதிர்ப்பவரை வெளியே வைத்தால் பேனர் தொங்குகிற வரைக்கும் சண்டைதான்.

கோடும்புள்ளியும்

பிள்ளைகள் விஷயத்தில் கவனம். ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எந்தெந்தத் தளத்தில் போடுவீர்கள் என்று அதிலேயே குறிப்பிடுங்கள். பெயர், பள்ளிச் சீருடை எதுவும் தெரியக்கூடாது. ஒரு பெற்றோர் மறுத்தால் அந்தப் பிள்ளையை மட்டும் ஓரமாக நிறுத்தாதீர்கள், பாட்டையே வேறு கோணத்தில் எடுங்கள். விலைக்குக் கிடைக்கிற சிரித்த முகப் படங்களும் வேண்டாம். ஞாயிறு வாசலில் நிற்கப்போகிற ஆளின் படத்தையே போடுங்கள், வருகிறவர் அவரை அடையாளம் கண்டுகொள்வார்.

பின்வரிசை

வாசலில் நிற்கப்போவது நான்தானாம், இப்போதுதான் குழுவில் செய்தி போட்டார்கள். போட்டோவுக்கு நல்ல சட்டை ஒன்று தேட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் மாதிரி யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள், கூட்டத்துக்கு முன்னால் அச்சடித்துவிடுகிறேன்.